நெல்லிக்கனியின் வேதிக்கூறுகளும் மருத்துவப் பயனும்: பேராக் தமிழர் வாழ்வை முன்வைத்து

மலேசியத் தீபகற்பத்தின் இரண்டு புகழ்பெற்ற நகரங்கள் மரங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போ, ஓராங் அஸ்லி மக்கள் தம் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவிய நஞ்சைத் தரும் இப்போ மரத்தால் பெயர் பெற்றது. அம்மரத்தில் ஒன்று இன்றும் ஈப்போ ரயில் நிலையத்தின் எதிரே நிற்கிறது. தெற்கே உள்ள மலாக்கா, பரமேசுவரன் வேட்டையின்போது சாய்ந்திருந்ததாக மலாய் வரலாற்று மரபு கூறும் மரத்தால் பெயர் பெற்றது; அரபுச் சொல்லொன்றிலிருந்து பெயர் வந்தது என்போரும் உண்டு என்றாலும், மலாய் மொழியில் 'போக்கோக் மெலாக்கா' என்று இன்றும் வழங்கும் அந்த மரம் தமிழர் நன்கறிந்த பெருநெல்லியே ஆகும். ஒன்று இதயத்தை நிறுத்தும் நஞ்சு. மற்றொன்று ஆயுளை நீட்டிக்கும் கனி என்று தமிழ் மரபு போற்றியது. அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்ததை அவரே பாடிய புறநானூற்றின் 91ஆம் பாட்டு, அந்த நம்பிக்கை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்குச் சான்றாகும்.

அந்த நம்பிக்கையில் வேதியியல் உறுதிப்படுத்துவது எவ்வளவு, இன்றைய மருத்துவ ஆய்வு ஏற்பது எவ்வளவு, இரண்டுக்கும் அப்பால் வணிக விளம்பரம் கூட்டிச் சொல்வது எவ்வளவு என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற ஊர்களின் வீடமைப்புப் பகுதிகளில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் 'இனிப்பு நீர்' என வழங்கப்படும் நீரிழிவு பரவலாக இருப்பதாலும், அந்நோய்க்கு நெல்லியை நாடுவோர் பலர் என்பதாலும், இக்கேள்வி நூலறிவோடு நின்றுவிடுவதன்று.

பெருநெல்லியின் தாவரவியற் பெயர் ஃபில்லாந்தஸ் எம்பிலிகா. லின்னேயஸ் சூட்டிய இப்பெயரோடு, பிற்காலத்தில் கார்ட்னர் சூட்டிய எம்பிலிகா அஃபிசினாலிஸ் என்னும் பெயரும் மருந்து நூல்களில் இன்றுவரை வழங்குகிறது. ஆகவே இரு பெயர்களைக் கண்டு இரு தாவரங்கள் என மயங்க வேண்டியதில்லை. மரம் நெடுங்காலம் ஆமணக்குக் குடும்பத்தில், அதாவது யூஃபோர்பியேசியே என்னும் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1877ஆம் ஆண்டு வாக்கில் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டுவித்த ரப்பர் மரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பழைய வகைப்பாட்டின்படி தோட்டத் தமிழர் நாள்தோறும் சீவிய பால்மரமும் அவர்கள் மருந்தாகப் போற்றிய நெல்லியும் உறவு மரங்களாகவே எண்ணப்பட்டன. மரபணு ஒப்பீட்டின் துணையோடு 2003இல் வெளிவந்த வகைப்பாடு நெல்லியை ஃபில்லாந்தேசியே என்னும் தனிக் குடும்பத்திற்கு மாற்றியது. கிளையை ஒடித்தால் ரப்பர் மரத்தைப் போல் பால் வடியாத நெல்லியின் இயல்புக்கும் இந்தப் பிரிவினை பொருந்துகிறது.

பேராக்கில் நெல்லியைப் பற்றிப் பேசும்போது முதலில் தெளிவுபடுத்த வேண்டியது பெயர்க் குழப்பம். தோட்ட வீடுகளின் பின்புறத்திலும் மலாய்க் கிராமங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது, மலாய் மொழியில் 'செர்மாய்' எனப்படும் அருநெல்லி. வெளிர்மஞ்சள் நிறத்தில், விளிம்புகள் புடைத்து, கிளையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் இக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற நினைவு தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இருக்கும். அது பெருநெல்லிக்கு உறவான வேறொரு மரத்தின் கனி; புளிப்பு மிகுதி, துவர்ப்பும் உயிர்ச்சத்து சியும் குறைவு. பெருநெல்லியைப் பற்றி ஆய்வுகள் கூறும் எதையும் அருநெல்லிக்குப் பொருத்தக் கூடாது. மஞ்சட்காமாலைக்கு வழங்கப்படும் கீழாநெல்லி, பாதையோரத்தில் முளைக்கும் சிறு செடி. மலாயில் 'டுக்குங் அனாக்' எனப்படும் அதுவும் இதே பேரினத்தைச் சேர்ந்ததாயினும், அதன் ஆற்றலும் ஆய்வு வரலாறும் முற்றிலும் தனி. பெருநெல்லியின் கனி உருண்டையாய், இளம்பச்சை நிறமாய், மேலிருந்து கீழாக ஆறு மெல்லிய கோடுகள் கொண்டதாய் இருக்கும். உள்ளே கடினமான ஒரு கொட்டை. தேங்காய்த் துருவலில் புரட்டிய பச்சை நிறப் பலகாரம் ஒன்றை மலாய் மக்கள் 'புவா மெலாக்கா' என அழைப்பது அதன் உருண்டை வடிவத்தை ஒட்டியே. பலகாரத்தின் பெயர் நாவில் நிலைத்திருக்க, அப்பெயருக்கு உரிய கனியை அறிந்தோர் அருகி வருகின்றனர் என்பது வருத்தத்துக்குரியது.

சித்த மருத்துவத்தில் நெல்லி, உடலை உறுதிசெய்து மூப்பைத் தள்ளிவைக்கும் மருந்துகளான காயகற்பங்களில் ஒன்று. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலை சித்தம், ஆயுர்வேதம் இரண்டுக்கும் பொதுவானது. இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. திரிபலையில் சேர்வது பச்சைக் காயன்று. கொட்டை நீக்கி உலர்த்தி எடுத்த நெல்லிமுள்ளி. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கறுத்துச் சுருங்கிய துண்டுகளாகக் கிடைப்பது அதுவே. உலர்த்தும்போது கனியிலுள்ள எது அழிகிறது, எது எஞ்சுகிறது என்பதை அறிந்தால், மரபு மருத்துவம் நெல்லியின் எந்தக் கூறைப் பயன்படுத்தி வந்தது என்பது தானே விளங்கும். கட்டுரையின் பின்பகுதி முழுவதும் இந்த ஒரு குறிப்பைச் சுற்றியே அமைகிறது.

இந்திய உணவுகளின் ஊட்டச்சத்தை முறையாக அளக்கும் பணி குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஏக்ராய்டு என்பாரின் தலைமையில் தொடங்கி, 1937இல் முதல் அட்டவணையாக வெளிவந்தது. அந்நிறுவனம் பின்னர் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. அவ்வழியில் வந்த அட்டவணைகளின்படி 100 கிராம் பெருநெல்லியில் ஏறத்தாழ 82 கிராம் நீர், மாவுச்சத்து 13.7 கிராம், நார்ச்சத்து 3.4 கிராம், புரதம் 0.5 கிராம், கொழுப்பு 0.1 கிராம், சுண்ணாம்புச்சத்து 50 மில்லிகிராம், இரும்பு 1.2 மில்லிகிராம். இவற்றில் வியக்கத்தக்கது எதுவுமில்லை. எந்தப் பழத்துக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நெல்லிக்குப் புகழ் சேர்த்தது அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் இருந்த எண்: உயிர்ச்சத்து சி 600 மில்லிகிராம். ஆரஞ்சுப் பழத்தில் அது 50 மில்லிகிராம் அளவே என்பதை நினைத்தால், இந்த எண் ஏன் பாடநூல்களிலும் விளம்பரங்களிலும் வானொலிப் பேச்சுகளிலும் ஒரு தலைமுறைக்கு மேல் ஒலித்தது என்பது புரியும். 1940ஐ ஒட்டி வட இந்தியாவின் ஹிசார் பகுதியில் பஞ்சம் வந்தபோது, உயிர்ச்சத்து சிக் குறைவால் ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய்க்கு நெல்லியே கைகொடுத்தது. ஆகவே அப்புகழ் வெறும் காகிதப் புகழன்று.

எனினும் அந்த எண் மீண்டும் அளக்கப்பட்டபோது குறைந்தது. ஹைதராபாத் நிறுவனமே 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணை, பெருநெல்லிக்கு 100 கிராமுக்குச் சுமார் 250 மில்லிகிராம் என்னும் அளவையே தருகிறது. இடைப்பட்ட காலத்தில் கனி மாறிவிடவில்லை. அளக்கும் முறை மாறியது. பழைய முறையில், டைகுளோரோஃபீனால் இண்டோஃபீனால் என்னும் நீலநிறச் சாயத்தின்மீது பழச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சாயம் நிறமிழக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதைக் கொண்டு அஸ்கார்பிக் அமிலத்தின், அதாவது உயிர்ச்சத்து சியின் அளவைக் கணக்கிட்டனர். சாயம் நிறமிழப்பது, சாற்றிலுள்ள பொருள் அதற்கு எலக்ட்ரான்களை வழங்குவதால். அப்படி வழங்கக்கூடியது அஸ்கார்பிக் அமிலம் மட்டுமன்று. நெல்லியில் நிறைந்துள்ள துவர்ப்புப் பொருள்கள் பலவற்றுக்கும் அவ்வியல்பு உண்டு. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் பெரும்பிழை தராத இம்முறை நெல்லியிடம் ஏமாந்தது. கலவையின் கூறுகளை நுண்குழாயில் ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை முறை பரவிய பின்னரே அஸ்கார்பிக் அமிலத்தைத் தனியே காண முடிந்தது. பயிர்வகை, பழுத்த நிலை, விளைந்த மண் ஆகியவற்றுக்கு ஏற்ப இந்த அளவு மேலும் கீழும் நகரும். வட இந்தியாவின் பனாரசி, சக்கையா வகைகளும் தமிழ்நாட்டில் பவானிசாகரில் உருவான பி.எஸ்.ஆர். 1 வகையும் காட்டு நெல்லியும் ஒரே எண்ணுக்குள் அடங்கா.

குறைந்த எண்ணும் சிறிய எண்ணன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். மலேசியாவின் பரிந்துரைப்படி வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான உயிர்ச்சத்து சி 70 மில்லிகிராம். 30 முதல் 40 கிராம் எடையுள்ள ஒரே ஒரு நெல்லிக்கனி அதனைத் தந்துவிடும். ஆயினும் உயிர்ச்சத்து சி ஒன்றே நோக்கமென்றால், பேராக்கில் வாழ்பவர் கடல் கடந்து வரும் நெல்லிக்காகக் கடைக்குக் கடை அலைய வேண்டியதில்லை. சாலையோரத்தில் குவித்து விற்கப்படும் பீடோர் கொய்யாவே போதும். கொய்யாவிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. அப்படியானால் நெல்லிக்கு உரிய தனித்தன்மை எதில் இருக்கிறது என்னும் கேள்வி எழுகிறது. அதற்கான விடை, பழைய ஆய்வாளர்களின் அளவீட்டைக் குழப்பிய அதே துவர்ப்புப் பொருள்களில்தான் கிடைக்கிறது.

துவர்ப்புப் பொருள்களை வேதியியலார் டானின் என்பர். நெல்லியில் உள்ளவை நீரால் சிதையும் டானின்கள் என்னும் வகை: நடுவில் ஒரு சர்க்கரை மூலக்கூறோ சர்க்கரையிலிருந்து தோன்றிய அமிலமோ இருக்க, அதைச் சுற்றிக் காலிக் அமில அலகுகள் பிணைந்திருக்கும், அமிலமோ நொதியோ படும்போது அப்பிணைப்பு அறுந்து அலகுகள் பிரியும். இவற்றை விரிவாகப் பேசியவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சிப்நாத் கோஷால். அவரும் குழுவினரும் 1996இல் எம்பிலிக்கானின் ஏ, எம்பிலிக்கானின் பி என்னும் இரு புதிய டானின்களை அறிவித்து, நெல்லியின் ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றலுக்கு இவையே காரணம் என்றனர். உடலின் செல்களில் ஆக்சிஜன் வினைபுரியும்போது தோன்றும் நிலையற்ற மூலக்கூறுகள் அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் சிதைப்பதைத் தடுப்பதே அவ்வாற்றல். 'நெல்லியில் இருப்பது உயிர்ச்சத்து சி அன்று, எம்பிலிக்கானின்' என்னும் கூற்று விரைவில் புதிய விளம்பரத் தொடராயிற்று. அதுவும் நிலைக்கவில்லை. 2009இல் முகமது மஜீதும் உடன் ஆய்வாளர்களும் கனியை மீண்டும் பகுத்து, எம்பிலிக்கானின் எனக் காட்டப்பட்டவை உண்மையில் மியூசிக் அமிலத்தோடு காலிக் அமிலம் பிணைந்த சேர்மங்களே என்றும், குளுக்கோசோடு ஒரே ஒரு காலிக் அமில அலகு சேர்ந்த பீட்டா-குளுக்கோகாலினையே நெல்லியின் அடையாளப் பொருளாகக் கொள்ள வேண்டும் என்றும் வாதிட்டனர். அதற்கு முன்பே, 2001இல், சீனாவின் குன்மிங்கையும் சப்பானின் நாகசாகியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் நெல்லிச் சாற்றிலிருந்து மியூசிக் அமிலக் காலேட்டுகளையும் மாலிக் அமிலக் காலேட்டையும் பிரித்துக் காட்டியிருந்தனர். மஜீதின் ஆய்வு நெல்லிச் சாறு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் நடந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். எனினும் குன்மிங், நாகசாகி ஆய்வு தனியே அதே திசையில் செல்வதால், இந்த விவாதத்தில் குளுக்கோகாலின், மியூசிக் அமிலக் காலேட்டு பக்கமே சான்று வலுவாக இருக்கிறது எனலாம். இவை தவிர, காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், கோரிலாஜின், செபுலாஜிக் அமிலம், குவெர்செட்டின் ஆகியனவும் கனியில் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் செபுலாஜிக் அமிலம் கடுக்காயிலும் முதன்மையானது; திரிபலையின் மூன்று காய்களும் ஒன்றுசேர்ந்ததற்கு வேதியியல் காட்டும் ஓர் உறவு இது.

நாக்கு இந்த வேதியியலை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. துவர்ப்பு என்பது நாவின் சுவை அரும்புகள் மட்டும் அறியும் சுவையன்று. டானின்கள் எச்சிலிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரளச் செய்வதால் வாயின் வழவழப்பு குறைந்து உண்டாகும் இறுக்க உணர்வு. நெல்லியைக் கடித்த பின் தண்ணீர் இனிப்பதும் இதனோடு தொடர்புடையது. கனியின் அமிலமும் துவர்ப்பும் நாவைப் பழக்கிவைத்திருக்க, அவற்றைத் தண்ணீர் கழுவி விலக்கும் கணத்தில் நாவு அதற்கு எதிரான சுவையை உணர்கிறது. அதில் ஒரு துளி சர்க்கரையும் இல்லை. பிள்ளைகளுக்கு நெல்லியைப் பழக்க விரும்பிய பாட்டிமார் கையாண்ட உத்தி இந்தத் தண்ணீர்தான்.

நெல்லியை உலர்த்தினால் அஸ்கார்பிக் அமிலம் காற்றோடும் வெப்பத்தோடும் வினைபுரிந்து பெரும்பகுதி குறைகிறது. டானின்கள் உடன் இருப்பதால் மற்றப் பழங்களைவிட மெதுவாகக் குறையும் என்றாலும், மாதக்கணக்கில் சேமித்த நெல்லிமுள்ளியில் பச்சைக் காயின் அளவு இருப்பதில்லை. டானின்களும் காலிக் அமிலமுமோ நெடுநாள் நிலைக்கின்றன. நெல்லிமுள்ளியைக் கொண்டு மருந்து செய்த மரபு, உயிர்ச்சத்து சி என்னும் பெயரே பிறவாத காலத்தில், கனியின் துவர்ப்புக் கூறையே தன் மருந்தாகக் கொண்டிருந்தது என்பது இதனால் தெளிவாகிறது. இருபதாம் நூற்றாண்டின் அட்டவணை நெல்லியை உயிர்ச்சத்து சிப் பெட்டகமாக மாற்றிக் காட்டியதில், மரபு அறிந்திருந்த இந்தக் கூறு அரை நூற்றாண்டுக்கு மறைந்தே போயிற்று.

உண்ட டானின்கள் அப்படியே குருதியில் கலப்பதில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அவற்றின் மூலக்கூறுகள் பெரியவை. குடல் அவற்றைக் குறைவாகவே ஈர்க்கும். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் எல்லாஜிக் அமிலத்தைச் சிதைத்து யூரோலித்தின் என்னும் சிறு சேர்மங்களாக மாற்ற, அவையே உடலுக்குள் செல்கின்றன. இந்நுண்ணுயிர்களின் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ஒரே அளவு நெல்லியை உண்ட இருவரின் குருதியில் ஒரே அளவு பயன்பொருள் சேரும் எனக் கொள்ள இயலாது. சோதனைக் குழாயில் கண்ட ஆற்றலை மனித உடலுக்கு நேரே கூட்டிச் செல்லும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

மலேசியாவில் 2019இல் நடந்த தேசியச் சுகாதார, நோயுற்றோர் ஆய்வின்படி, வளர்ந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 39 லட்சம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அந்த அளவு 31 விழுக்காட்டைத் தாண்டி, மற்ற எல்லா இனத்தாரையும்விட மிகுந்திருந்தது. விடியுமுன் எழுந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் சீவிய உடலுழைப்பு, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின் குறைந்தது. சோறும் பால் கலந்த இனிப்புத் தேநீரும் குறையவில்லை. துண்டாடலுக்கு எதிராகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்கிய வரலாறு பேராக்கில், அதிலும் அவருடைய சுங்கை சிப்புட்டில், இன்றும் பேசப்படுகிறது. நிலத்தைக் காக்கும் அந்த முயற்சிக்கு இணையாக உடல்நலத்தைக் காக்கும் முயற்சி ஒன்றும் அப்போதே தேவைப்பட்டது.

நீரிழிவைப் பொறுத்தவரை ஆய்வகச் சான்றுகள் பல. கண்ணின் வில்லையில் குளுக்கோஸ் மிகும்போது ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதி அதைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது. சார்பிட்டால் தேங்கி நீரை ஈர்ப்பதால் வில்லை மங்கிக் கண்புரை தோன்றுகிறது. ஹைதராபாத் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நீரிழிவுள்ள எலிகளுக்கு நெல்லியையும் அதன் டானின்களையும் கொடுத்தபோது புரை தோன்றுவது தாமதமானது; பின்னர் 2012இல், அமெரிக்காவின் கொலராடோ ஆய்வாளர்களோடு இணைந்த பணியில், அந்நொதியைத் தடுக்கும் பொருள் பீட்டா-குளுக்கோகாலின் எனத் தெரியவந்தது. ஒரு மரபுப் பயன்பாட்டிலிருந்து ஒரு மூலக்கூறு வரையிலும், அங்கிருந்து அது செயல்படும் நொதி வரையிலும் தொடர்ச்சியாக வழி கண்ட ஆய்வுகள் மூலிகைத் துறையில் அரிது. நெல்லி ஆய்வுகளில் மிகவும் மதிக்கத்தக்கது இதுவே. ஆயினும் அது எலியின் கண். மனிதக் கண்புரைக்கு நெல்லி மருந்து எனச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

மனிதரிடம் நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. 1988இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், 35 முதல் 55 வயதுக்குட்பட்ட ஆடவர் 28 நாள் பச்சை நெல்லியை உண்டபோது, கொலஸ்ட்ரால் மிகுந்தவர், மிகாதவர் இரு சாராருக்கும் அது குறைந்தது. நிறுத்திய இரண்டு வாரத்தில், மிகுந்திருந்தவர்களுக்கு ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பியது. இந்தத் திரும்பல் முக்கியமானது: நெல்லியின் பயன் உண்ணும் காலத்தில் மட்டுமே நிற்பது, ஒரு மண்டலம் உண்டு நிறுத்தினால் ஆண்டு முழுதும் காக்கும் என்பதற்கு இடமில்லை. 2011இல் பாகிஸ்தானிய ஆய்வாளர்கள், நீரிழிவுள்ளோருக்கும் இல்லாதோருக்கும் நாள்தோறும் 1, 2, 3 கிராம் நெல்லிப் பொடியை 21 நாள் கொடுத்து, குருதிச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்ததாக அறிவித்தனர். 2012இல் இந்தியாவில் 60 பேரைக் கொண்டு, 40 பேருக்கு நெல்லியும் 20 பேருக்குச் சிம்வாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்தும் 42 நாள் தரப்பட்டன. இரு குழுவிலும் கொழுப்பு குறைந்தது. எதுவும் தராத அல்லது மருந்தற்ற வில்லை தந்த மூன்றாம் குழு இல்லாததால், மருத்துவமனைக்கு வந்ததும் உணவில் கவனம் கூடியதால் விளைந்த குறைவு எவ்வளவு என்பதை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஒன்பது ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வு, தீய கொலஸ்ட்ரால், முக்கொழுப்பு, வெறும்வயிற்றுச் சர்க்கரை ஆகியன நெல்லியால் குறைகின்றன எனக் கண்டது. ஆனால் ஒன்பதிலும் சேர்ந்த மொத்த ஆட்கள் சில நூறு பேரே, ஒவ்வொன்றும் வெவ்வேறு தயாரிப்பை வெவ்வேறு அளவில் தந்தது. இவற்றைக் கொண்டு பார்க்கும்போது, நெல்லி குருதிக் கொழுப்பையும் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கவல்ல உணவு என்பது ஏற்கத்தக்கது. மெட்ஃபார்மினுக்கும் இன்சுலினுக்கும் மாற்று என்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. மாத்திரையை நிறுத்திவிட்டு நெல்லிச் சாற்றை மட்டும் நம்பிக் காலிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கேடு வருவித்துக்கொள்வதைத் தடுக்க, இந்த இரண்டு கூற்றுகளையும் எப்போதும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறைக்கவல்லது என்பதாலேயே கவனமும் தேவைப்படுகிறது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு அடர்த்தியான நெல்லிச் சாற்றையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். குருதித் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை நெல்லி மட்டுப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டுவதால், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை உண்போரும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போரும் மருத்துவரிடம் சொல்லாமல் நெல்லி மருந்துகளைத் தொடக்கூடாது. உயிர்ச்சத்து சியின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறும் என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மிகுதியான சாறு நல்லதன்று. இரும்புச்சத்தைப் பொறுத்து நெல்லி இருமுகம் காட்டுகிறது: அதன் அஸ்கார்பிக் அமிலம் இரும்பைக் குடல் ஈர்க்க உதவுகிறது, அதன் டானின் இரும்பைப் பிணைத்துத் தடுக்கிறது. சோகைக்கு நெல்லி நல்லது என்று பொதுவாகச் சொல்வது இதனால் பாதி உண்மையே. உலர்ந்த நெல்லியில் தடுக்கும் பக்கமே ஓங்கும்.

ஈப்போவின் லகாட் சாலைப் பகுதியிலுள்ள லிட்டில் இந்தியா கடைகளில் நெல்லி பல உருவங்களில் கிடைக்கிறது. எல்லா உருவமும் ஒன்றன்று. தேனிலோ சர்க்கரைப் பாகிலோ ஊறிய நெல்லியும், லேகியமும், சியவனப்பிராசமும் எடையில் பெரும்பங்கு இனிப்பைக் கொண்டவை. எந்த நோய்க்காக வாங்கப்படுகின்றனவோ அந்த நோயையே அவை வளர்க்கும். நீரிழிவுள்ள முதியவருக்கு அன்போடு வாங்கித் தரப்படும் தேன்நெல்லிப் புட்டியைவிட உப்பில் ஊறிய நெல்லி குறைந்த கேடுடையது. அதிலும் குருதி அழுத்தம் உள்ளவர் உப்பைப் பார்க்க வேண்டும். கூந்தலுக்கான நெல்லி எண்ணெயில், நீரில் கரையும் அஸ்கார்பிக் அமிலமும் டானின்களும் எண்ணெயில் மிகக் குறைவாகவே சேரும். அந்த எண்ணெயின் நற்பயன் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயுடையதே. துருவிய பச்சைக் காயைத் தயிரில் சேர்த்த பச்சடியும், சர்க்கரை சேர்க்காத நெல்லிப் பொடியும், நெல்லிமுள்ளிக் குடிநீருமே கனியின் வேதியியலுக்கு நெருக்கமான உருவங்கள்.

மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் நிறைவேறியபின், சித்தமும் ஆயுர்வேதமும் பாரம்பரிய இந்திய மருத்துவம் என்னும் பிரிவின்கீழ்ச் சட்ட ஏற்பு பெற்றுள்ளன. மாத்திரை, குளிகை உருவில் விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாக வேண்டும். 'எம்.ஏ.எல்.' என்னும் எழுத்துகளில் தொடங்கி 'டி' என்னும் எழுத்தில் முடியும் பதிவெண் அதற்கு அடையாளம். ஈயம் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும் பாதரசம் 0.5 மில்லிகிராமுக்கும் மிகாமை அப்பதிவுக்கான விதிகளில் அடங்கும். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு கூறி வாட்ஸ்அப் வழியாக வரும் நெல்லிப் புட்டி, அந்த ஒரு கூற்றினாலேயே சட்டத்துக்குப் புறம்பானதாகிறது.

பெருநெல்லி பேராக்கின் மண்ணுக்கு அந்நியமன்று. நாட்டின் ஒரு பழம்பெரும் நகரத்துக்கே பெயர் தந்த மரம் வெப்பத்தையும் வளமற்ற மண்ணையும் தாங்கும், கொட்டையிலிருந்தும் ஒட்டுக் கன்றிலிருந்தும் வளரும், ஒட்டுக் கன்று சில ஆண்டுகளிலேயே காய்க்கும். தோட்ட வீடுகள் இடிக்கப்பட்டபோது அவற்றின் பின்புறத்து முருங்கையும் கறிவேப்பிலையும் அருநெல்லியும் ஒருசேர அழிந்தன. புதிய குடியிருப்புகளில் முருங்கையும் கறிவேப்பிலையும் மீண்டும் வேரூன்றிவிட்டன. தமிழ்ப்பள்ளி வளாகங்களிலும் கோயில் நிலங்களிலும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தோட்டங்களிலும் பெருநெல்லிக்கு இடமுண்டு. அங்கே காய்த்துப் பறித்த கனியைக் கொட்டை நீக்கி, நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் அடுத்த காய்ப்பு வரை நெல்லிமுள்ளி கையில் இருக்கும். நீரிழிவு மாத்திரை உண்பவர் அதைத் தொடங்கும் முன் அரசு கிளினிக்கில் மருந்துச் சீட்டோடு அதன் பெயரையும் சொல்லி, அடுத்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கில் அது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.